பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு மூக்குறிஞ்சல்

எங்கள் வரிசையில் ஏழு பேர்.
பட்டையில் காட் மீன் வந்துகொண்டே இருக்கும்.
வெளிச்ச மேசையில் விரித்துப் போட்டால்
உள்ளே முள் எங்கே, புழு எங்கே
எல்லாம் தெரியும்.
வெளியே பிப்ரவரி, பத்து மணிவரை இருட்டு,
மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஐஸ்லாந்து எங்களுக்கு ஒதுக்கிய
ஒரே ஒரு தெரு.
இரைச்சலுக்கு மஞ்சள் காதுறை.
காதுறைக்குள் புத்தகம்.

ஒரே புத்தகம்தான்.
ஆனால் ஸ்டெய்ன்வோர் ஆறுக்கே வந்து தொடங்கிவிடுவாள்,
லோவா காரின் பனியைச் சுரண்டிவிட்டு
இருபது நிமிடம் கழித்து.
அதனால் சிரிப்பும் எங்களிடம்
மீன் மாதிரியே வரும்:
முதல் மேசையில் ஒருத்தி குலுங்குவாள்,
கொஞ்சம் பொறுத்து நான்,
காப்பி மணி அடிக்கும்போது கடைசி மேசை.

முன்னால் போனவள்
முகத்தைக் காட்டக் கூடாது என்பது சட்டம்.
கதையில் யார் செத்தாலும் கத்தி நிற்கக் கூடாது.
போன மாதம் ஸ்டெய்ன்வோரின் கத்தி நின்றது.
"நாயா?" என்று லோவா அங்கிருந்தே கத்தினாள்.
நாய்தான்.
ஸ்டெய்ன்வோர் எல்லோருக்கும் கேக் வாங்கித் தரவேண்டி வந்தது.

ஹால்ஃபிரிதுர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவள்.
காதல் காட்சியெல்லாம்
அவளுக்கு ஏலம் விடுவதுபோல் இருக்குமாம்.
"எப்படியும் சேரத்தானே போகிறார்கள்,
சீக்கிரம் சேரட்டுமே."

இந்த வாரச் சண்டை பதினான்காம் அத்தியாயம்.
*அவன் இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தான்.*
அவ்வளவுதான் வரி.
மனைவி போய் மூன்று மாதமான வீடு.
அதை எழுதியவர் அங்கே சொல்லவில்லை,
நாமாக எண்ணிக்கொள்ள வேண்டும்.
வரி முடிந்து ஒரு நிறுத்தம்.
அப்புறம்
வாசிக்கும் அம்மாள் மூக்கை உறிஞ்சுகிறாள்.

அழுதுவிட்டாள் என்கிறாள் லோவா.
சளி என்கிறாள் ஸ்டெய்ன்வோர்,
பன்னிரண்டிலிருந்தே குரல் கட்டியிருக்கிறது,
'ம' எல்லாம் 'ப' ஆகிவிட்டது, கவனிக்கவில்லையா?
சளியென்றால் வெட்டியிருப்பார்களே!
அழுகையென்றாலும் வெட்டியிருப்பார்களே!
ஹால்ஃபிரிதுருக்கு எதுவுமே விழவில்லை.
அவள் வேகத்தில் அது ஒரு சொடுக்கு.

மூன்றாம் நாள்,
தட்டுகளை எண்ணியபடி எங்களைக் கடந்த மேற்பார்வையாளர் பெர்க்ஸ்வெய்ன்,
புத்தகம் பக்கமே போகாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர்,
நிற்காமல் சொன்னார்:
"பதினைந்தில் மூக்கு சரியாகிவிடுகிறதே.
ஒரே ராத்திரியில் சளி போகுமா?"

யகோதாவுக்கு இந்தச் சண்டையில் இடமில்லை.
அவள் அதே கதையைப் போலிஷ் மொழியில் கேட்கிறாள்,
ஓர் ஆண்குரலில்.
"என் ஆள் உறிஞ்சவில்லை," என்றாள்.
"கழுவினான், கவிழ்த்தான், அடுத்த வரி.
நான் அப்போது மின்கட்டணம் நினைத்துக்கொண்டிருந்தேன்."
கோப்பைகள் இரண்டு என்பதே
எங்கள் சண்டையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காப்பி அறையில்,
காதும் காதும் வைத்தாற்போல்,
காதுறைகளை மாற்றிக்கொண்டோம்.
எனக்கு அவளுடைய ஆள்.
ஒரு சொல் புரியவில்லை;
நல்ல குரல்,
ரயில் நேரம் அறிவிப்பவர் குரல்.
எந்த இடத்தில் கழுவினார், எந்த இடத்தில் கவிழ்த்தார்,
கண்டுபிடிக்க முடியவில்லை.

அவளுக்கு என்னுடைய அம்மாள்.
எட்டு வருட ஐஸ்லாந்து மொழி அவளிடம் இருக்கிறது,
முள், கத்தி, குளிர், கூடுதல் நேரம், நாளை விடுமுறை.
இரண்டு தெரியும். கோப்பை தெரியும்.
விரலை உயர்த்தினாள்: இதோ.
விரல் அப்படியே நின்றது.
பின்னால் போகும் பொத்தானை அவளே தேடி அழுத்தினாள்.
மறுபடி.
மறுபடி.

கழற்றிக் கொடுத்தபோது எல்லோரும் பார்த்தோம்.
"சளிதான்," என்றாள் யகோதா,
லோவா மேசையைத் தட்டினாள்,
ஸ்டெய்ன்வோர் ஒரு கேக் மிச்சம் என்று சிரித்தாள்.

எங்கள் கூடத்தில் நான்கு டிகிரி.
அங்கே எல்லோருக்கும் மூக்கு ஒழுகும்,
யாரும் யாரையும் கேட்பதில்லை.
காப்பி அறையிலோ
கணப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.
மணி அடித்தது.
யகோதா தன் கோப்பையைத் தொட்டியில் போட்டாள்,
என்னுடையதைக் கழுவ மறந்து
கையிலேயே எடுத்துக்கொண்டு
மீனிடம் போனாள்.